எஸ்.பி. ரோட்டில் நான் வாங்கிய ‘டால்பி’

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. வித்தை தெரிந்துவிட்டால் பெயர் எதற்கு?

அப்பாவுக்கு முழங்கால் வலி. தியேட்டர் படியேற முடிவதில்லை. சரி, தியேட்டரை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அல்சூரிலிருந்து நானும் மச்சானும் பைக்கில் கிளம்பினோம். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டதுமே கடைக்காரர் தமிழுக்கு மாறினார். “எந்த ஊர் சார் நீங்க?” ஆம்பூர் என்றேன். “அட, எங்கம்மாவும் ஆம்பூர்தான்!” டீ வந்தது. அதற்குப் பிறகு நான் பேரமே பேசவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உள்ளே ஒரு குட்டி அறை. நான்கு பேர் நின்றால் முட்டும். ஜப்பான் கம்பெனி ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த சுருதி அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ரிசீவரின் பின்னால் செருகி ஹெலிகாப்டர் காட்சி ஒன்றைப் போட்டார். சுவரெல்லாம் அதிர்ந்தது. “தலைக்கு மேல போகுது பாருங்க சார், அட்மாஸ்!” என்றார். அட்மாஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி தொழில்நுட்பம். ரிசீவரின் நெற்றியிலும் அட்மாஸ் என்று ஸ்டிக்கர் மின்னியது. மச்சான் என்னைப் பார்த்தான், நான் மச்சானைப் பார்த்தேன். ரிசீவர் 14,500, ஸ்பீக்கர் செட் 16,000, மொத்தம் 30,500 ரூபாய். கூடவே ஒரு கனமான கறுப்புப் பெட்டியையும் கொடுத்து, “ஸ்டெபிலைசர் சார், உங்களுக்காக ஃப்ரீ. இது இல்லாம போடாதீங்க” என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடைப் பையன் வந்து மாட்டினான். கூலி 800. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு-வெள்ளை பின் ஒயரை ரிசீவருக்கு இழுத்தான். படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் போட வேண்டாமா என்று கேட்டதற்கு, “இதுலயே எல்லாம் வரும் அண்ணா” என்றான். ஆறு பெட்டியிலும் சத்தம் வந்தது. நாங்களும் கை தட்டினோம்.

அன்று இரவு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா இரண்டு மூன்று முறை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன்டா, இவன் ஏன் எனக்குப் பின்னாடி நின்னுகிட்டுப் பேசுறான்?” கவனித்தால் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கதாநாயகன் திரையில் வாயசைக்கிறான், வசனம் சோபாவுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது. பாட்டும் அப்படியே, மழையும் அப்படியே. எல்லாம் எல்லா இடத்திலும்.

கீழ் வீட்டு மாமா எச்.ஏ.எல். விமானக் கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் சத்தத்தைக் கேட்கவே இல்லை. குனிந்து ரிசீவரின் சின்ன டிஸ்பிளேயைப் படித்தார். “மல்டி சேனல் ஸ்டீரியோன்னு போட்டிருக்கே, பார்க்கலியா?”

விஷயம் இதுதான். அந்த மோடில் இடது, வலது என்று வரும் இரண்டே சேனலை (தனித்தனி ஒலித் தடங்களை) ரிசீவர் நகலெடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும். கல்யாண வீட்டில் ஹால் முழுக்கப் பாட்டு கேட்க வேண்டுமானால் நல்ல மோடு. சரவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிஜ 5.1-இல் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆறுக்கும் தனித்தனி ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும், பின்னால் இருப்பவை காட்சிக்குத் தேவைப்படும்போது மட்டும் பேசும், பாதி நேரம் சும்மா இருக்கும். ஆறும் ஓயாமல் கத்தினால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். ஹெட்போன் துளை ஒயரில் இரண்டு சேனலுக்கு மேல் போகாது என்பதால் கடையில் நான் வாயைப் பிளந்து கேட்ட ஹெலிகாப்டரும் இதே கதைதான்.

மாமா வீட்டிலிருந்து ஒரு ஆப்டிகல் கேபிள் (ஒளி வழியாக டிஜிட்டல் ஒலியை அனுப்புவது) கொண்டுவந்து மாட்டினார். டிஸ்பிளேயில் பி.சி.எம். (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று வந்தது. டிவி மெனுவுக்குள் போய் டிஜிட்டல் சவுண்ட் அவுட் என்ற இடத்தில் பி.சி.எம்.மை எடுத்துவிட்டு ஆட்டோ வைத்தார். (சில டிவியில் பிட்ஸ்ட்ரீம், சிலவற்றில் பாஸ் த்ரூ என்று இருக்கும்.) சுருக்காத பி.சி.எம். ஒலியில் ஆப்டிகல் கேபிள் இரண்டு சேனலைத்தான் தாங்கும். சி.டி. தரத்தில் அந்த இரண்டு சேனலுக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். டால்பி டிஜிட்டல் என்ற முறை ஆறு சேனலையும் அதிகபட்சம் 640 கிலோபிட்டுக்குள் சுருக்கி மூட்டை கட்டிவிடுகிறது. மூட்டையைப் பிரிப்பது ரிசீவரின் வேலை. டிவியே பிரித்து இரண்டாக்கி அனுப்பினால் ரிசீவர் என்ன செய்யும், பாவம்.

ஆட்டோ வைத்ததும் டிஸ்பிளேயில் டால்பி டிஜிட்டல் என்ற எழுத்து வந்தது. பின் ஸ்பீக்கர்கள் சட்டென்று அமைதியானதும் அப்பா, “கெட்டுப்போச்சா?” என்றார்.

அடுத்து எச்.டி.எம்.ஐ.யைச் சோதித்தோம். செட்டாப் பாக்ஸை ரிசீவர் வழியாக டிவிக்குக் கொடுத்துப் பார்த்தோம். படம் வந்தது, சத்தம் டிவியில் மட்டும் வந்தது. ஆரம்ப கால ரிசீவர்கள் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை படத்தைக் கடத்திவிட மட்டுமே, அதில் வரும் ஒலியை அவை தொடாது. மாடல் எண்ணைத் தேடினால் 2007-இல் வந்த பெட்டி. டிவியிலிருந்து அதே கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி 2009-இல்தான் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. வீட்டு ரிசீவர்களில் அட்மாஸ் வந்தது 2014-இல். நெற்றி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன், அழகாக உரிந்து வந்தது.

பின்னாலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, ‘குவாலிட்டி செக்டு’ என்று. மாமா அதையும் உரித்து டார்ச் அடித்தார். அடியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டி! ஃப்ரீயாகக் கொடுத்த ‘ஸ்டெபிலைசர்’, நம் 230 வோல்ட்டைப் பாதியாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். வீடு மாற்றும்போது யாராவது தெரியாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தால் புகைதான்.

சப்வூஃபரில் 3000 வாட் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று கொட்டை எழுத்து. பின்னால் அது இழுக்கும் மின்சாரம் 90 வாட் என்று பொடி எழுத்து. இழுப்பதைவிட அதிகமாகத் தொடர்ந்து கொடுக்க எந்தப் பெட்டியாலும் ஆகாது. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் நகருங்கள்.

கடைக்குப் போனேன். ஆம்பூர்ப் பாசம் காணோம். “ஆறு ஸ்பீக்கரும் பாடுதா இல்லையா? அப்புறம் என்ன சார்?” என்றார். அவர் கொடுத்திருந்தது பில் அல்ல, எஸ்டிமேட் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் கிடையாது, மாடல் எண் கிடையாது, ‘செட் 1’ என்று ஒரு வரி. பணத்தை யு.பி.ஐ.யில் போட்டிருந்தது மட்டும் என் அதிர்ஷ்டம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து புகார் எண்ணைக் காட்டினேன். பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம் என்பதையும் சொன்னேன். இரண்டு வாரம் இழுத்தடித்து 8,000 ரூபாய் திருப்பித் தந்தார். முழுப் பணத்துக்காக நுகர்வோர் ஆணையம் வரை போக எனக்குத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் போனால் பென் டிரைவில் 5.1 ஒலியுள்ள படம் ஒன்றை எடுத்துப் போங்கள். கடை டிவியிலிருந்து ஆப்டிகலில் ஓட்டச் சொல்லுங்கள். கண் டிஸ்பிளேயில் இருக்கட்டும். ஸ்டிக்கர் எங்கே இருந்தாலும் உரித்துப் பாருங்கள், கோபப்பட்டால் படட்டும்.

ரிசீவர் இன்னும் வீட்டில்தான் ஓடுகிறது, ஆப்டிகலில், டால்பி டிஜிட்டல் வரைக்கும். கறுப்புப் பெட்டியின் மேல் ‘இதைக் கழற்றாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்பா இப்போது படம் தொடங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் டிஸ்பிளேயைத்தான் பார்க்கிறார். நேற்றுகூட உள்ளறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்: “டேய், பி.சி.எம்.னு வருது, வந்து என்னன்னு பாரு.”