ஆன்ட், மேவன், கிரேடில்: பெயரை யார் முடிவு செய்வது?

ஜாவா ப்ராஜெக்ட் ஒன்றில் புதிதாகச் சேர்பவர் முதல் நாளே தேடுவது மூன்று விஷயங்களை: எந்தக் கமாண்ட் கொடுத்தால் ஜார் (கம்பைல் ஆன கோடை அடக்கிய தொகுப்புக் கோப்பு) கிடைக்கும், டெஸ்ட்டுகள் எங்கே இருக்கின்றன, டேட்டாபேஸ் முகவரியை எங்கே மாற்றுவது. இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது, கோடை கம்பைல் செய்து ஜாராக்கும் வேலைகளை எழுதிவைத்த பில்ட் ஸ்கிரிப்ட். அதை ஓட்டும் ஆன்ட், மேவன், கிரேடில் என்ற மூன்று கருவிகளையும் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, ஒரே அமைப்புக்கு இரண்டு மதிப்புகள் வந்தால் எது நிற்கும் என்பது. ஒரு டீமின் நேரத்தை அதிகம் தின்பது இந்த இரண்டும்தான்.

டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரை பில்ட் செய்வதற்காக ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய ஆன்ட், 2000-ல் தனிக் கருவியாக வெளிவந்தது. பெயர்களில் அது தலையிடுவதே இல்லை. சோர்ஸ் எந்த ஃபோல்டரிலும் இருக்கலாம், டார்கெட்டுக்கு, அதாவது ஸ்கிரிப்டில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும், எந்தப் பெயரும் வைக்கலாம். 'கிளீன்', 'கம்பைல்', 'டிஸ்ட்' என்று எல்லோரும் வைப்பது பழக்கத்தால் வந்தது, கட்டாயத்தால் அல்ல. ஆனால் ஒரு நல்ல வசதி அதில் உண்டு. ஒரு டார்கெட்டின் பெயர் ஹைஃபனில் தொடங்கினால் அதை டெர்மினலில் இருந்து நேரடியாகக் கூப்பிட முடியாது. ஆன்ட் அதை ஒரு ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் உள்வேலைக்கான டார்கெட்டுகளுக்கு முன்னால் ஹைஃபன் போட்டு மறைத்துவிடலாம். நெட்பீன்ஸ் என்ற எடிட்டர் உருவாக்கும் ஆன்ட் பில்ட் கோப்புகளில் 'ப்ரீ-கம்பைல்' போன்றவை முன்னால் ஒரு ஹைஃபனோடு இருப்பது இதனால்தான்.

மேவன் இதற்கு நேர் எதிர். சோர்ஸ் 'எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா'வில், டெஸ்ட் 'எஸ்ஆர்சி/டெஸ்ட்/ஜாவா'வில், வெளியீடு 'டார்கெட்' என்ற ஃபோல்டரில். கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், வெரிஃபை, இன்ஸ்டால், டிப்ளாய் என்று படிகளின் பெயர்களும் வரிசையும் நிலையானவை. ஒரு மேவன் ப்ராஜெக்ட்டில் வேலை செய்தவருக்கு அடுத்ததில் வழி கேட்க வேண்டியதில்லை. கிரேடிலின் ஜாவா ப்ளகினும் இதே ஃபோல்டர் அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால் இந்த விஷயத்தில் இரண்டுக்கும் போட்டியே இல்லை.

உண்மையான வித்தியாசம் டெஸ்ட் கிளாஸ்களின் பெயரில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேவனில் யூனிட் டெஸ்ட்டுகளை ஓட்டும் ஷூர்ஃபயர் ப்ளகின், கிளாஸின் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது: 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், அல்லது 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிய வேண்டும். ஒருவர் 'பேமென்ட்செக்ஸ்' என்று கிளாஸ் எழுதி, உள்ளே எல்லா மெத்தட்டுக்கும் டெஸ்ட் அனோட்டேஷன் (இது ஒரு டெஸ்ட் என்று காட்டும் குறி) போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரில் ஓட்டினால் அழகாக ஓடும். மேவன் அதைத் தொடவே தொடாது. பில்ட் வெற்றி என்று வரும், எச்சரிக்கை ஒன்றும் இருக்காது. ஓடிய டெஸ்ட்டுகளின் எண்ணிக்கையை யாராவது கவனித்தால்தான் விஷயம் வெளியே வரும்.

'ஐடி' (IT) என்று முடியும் இன்டக்ரேஷன் டெஸ்ட்டுகளின், அதாவது பல பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டுகளின், நிலை இன்னும் மோசம். அவற்றை ஷூர்ஃபயர் எடுக்காது. அவை ஃபெயில்சேஃப் ப்ளகினுக்கு உரியவை. அந்த ப்ளகினை நாமே பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பு) சேர்த்து, 'வெரிஃபை' வரை ஓட்டினால்தான் அவை ஓடும். பெயரைச் சரியாக வைத்துவிட்டு ப்ளகினைச் சேர்க்காமல் விட்ட ப்ராஜெக்ட்டில் அந்த டெஸ்ட்டுகள் வெறும் அலங்காரம்.

கிரேடில் பெயரைப் பார்ப்பதில்லை. கம்பைல் ஆன கிளாஸுக்குள் டெஸ்ட் இருக்கிறதா என்று பார்க்கிறது. 'பேமென்ட்செக்ஸ்' அங்கே எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். இந்த ஒரு விஷயத்தில் கிரேடில் மேவனைத் தெளிவாக முந்துகிறது என்பேன்.

ஆனால் கிரேடில் வேறோர் இடத்தில் காலை வாரிவிடும். செட்டிங்ஸ் கோப்பில் 'ரூட்ப்ராஜெக்ட்.நேம்' எழுதாவிட்டால், ஃபோல்டரின் பெயரையே ப்ராஜெக்ட்டின் பெயராக எடுத்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் ஃபோல்டர் 'பில்லிங்' என்றால் ஜார் 'பில்லிங்-1.4' என்று வரும். பில்ட் சர்வர் அதே கோடை 'வொர்க்ஸ்பேஸ்' என்ற ஃபோல்டரில் இறக்கினால் 'வொர்க்ஸ்பேஸ்-1.4' என்று வரும். அப்புறம் டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஜாரைக் காணோம் என்று நிற்கும். ஒரே ஒரு வரியில் தீரும் விஷயம்தான். அந்த வரி இல்லாமல் எந்த கிரேடில் ப்ராஜெக்ட்டையும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அடுத்து, ஒரே அமைப்புக்கு இரண்டு மதிப்புகள் வரும்போது என்ன ஆகிறது என்பது. ஆன்ட்டில் முதலில் வந்ததே நிற்கும்; ஒரு ப்ராப்பர்ட்டியை (பெயரிட்ட மதிப்பை) ஒருமுறை வைத்துவிட்டால் மாற்ற முடியாது. கோப்பின் கடைசியில் புதிய மதிப்பை எழுதிவிட்டு ஏன் மாறவில்லை என்று விழிப்பவர்கள் ஏராளம். விவரமாகச் சொல்லும் வெர்போஸ் மோடில் ஓட்டினால்தான் ஆன்ட் அந்த மறுப்பைச் சொல்லும். பழகிவிட்டால் இதே விதி வசதியாகும்: அவரவர் சொந்தக் கோப்பை முதலிலும் பொது மதிப்புகளைப் பிறகும் படிக்க வைத்தால் போதும். மேவனில் குழந்தை பாம் தாய் பாமை மாற்றும், கமாண்டில் கொடுப்பது இரண்டையும் மாற்றும். கிரேடிலிலும் கமாண்டுக்குத்தான் முதலிடம், அதற்குப் பிறகுதான் சிக்கல்: உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு ப்ராஜெக்ட்டில் உள்ளதை வென்றுவிடும். பாஸ்வேர்டை ரெப்பாசிட்டரிக்கு வெளியே வைக்க இது சரியான ஏற்பாடு. ஆனால் எப்போதோ ஹோமில் எழுதி மறந்துபோன ஒரு வரியால், ஒருவர் மெஷினில் மட்டும் பில்ட் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஆட்கள் அடிக்கடி மாறும் டீம், நடுத்தர அளவு ப்ராஜெக்ட் என்றால் என் தேர்வு மேவன். டெஸ்ட் பெயர் விதியை ரிவ்யூவில் கறாராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாட்யூல்கள் நிறைய இருந்து, பில்ட்டைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் கிரேடில். புதிய வேலைக்கு ஆன்ட்டை நான் எடுக்க மாட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்ட் ஸ்கிரிப்டை அவசரமாக மாற்றவும் வேண்டாம். மற்றவர்கள் கூப்பிட வேண்டிய டார்கெட்டுகளுக்கு மட்டும் விளக்கம் எழுதுங்கள், மற்றவற்றுக்கு முன்னால் ஹைஃபன் போடுங்கள். ஆன்ட்டின் 'ப்ராஜெக்ட்ஹெல்ப்' கட்டளை விளக்கம் உள்ளவற்றை மட்டுமே பட்டியலிடும். புதியவருக்கு அந்தப் பட்டியல் போதும்.