மார்ட்டின் டென்னியின் ‘குயட் வில்லேஜ்’ எல்பி: பழைய தட்டு வாங்குவதற்கு முன்

ஜப்பானிய எலக்ட்ரானிக் இசைக்குழு யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ‘ஃபயர்கிராக்கர்’ கேட்டுவிட்டு மூலத்தைத் தேடுகிறவர்கள் நேராக அமெரிக்கப் பியானோக்காரர் மார்ட்டின் டென்னியின் ‘எக்ஸாட்டிகா’வை (1957) வாங்கிவிடுகிறார்கள். அதில் அந்த டிராக் கிடையாது. லிபர்ட்டி கம்பெனி 1959இல் போட்ட ‘குயட் வில்லேஜ்’ எல்பியில்தான் இருக்கிறது. அட்டையில் எண்ணுக்கு முன் எல்ஆர்பி என்றிருந்தால் மோனோ, எல்எஸ்டி என்றால் ஸ்டீரியோ. இதற்கு ஸ்டீரியோவே மேல். (‘எக்ஸாட்டிகா’வுக்கு மோனோவை எடுங்கள். 1958 ஸ்டீரியோ பதிப்பு புதிதாக வாசித்துப் பதிந்தது. அதில் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்தவர் மோனோவில் வாசித்த ஆர்தர் லைமன் அல்ல, ஜூலியஸ் வெக்டர்.)

பியானோ, வைப்ரஃபோன், பாஸ், தாளக் கருவிகள், நடுநடுவே பறவைக் கூச்சல். கூவுவது ஆகி கோலோன் என்ற தாளக்காரரின் தொண்டை! ஹவாயின் ஹொனலுலுவில் ஓட்டல் பாரில் இவர்கள் வாசிக்கும்போது குளத்துத் தவளைகள் கத்த, வாத்தியக்காரர்கள் விளையாட்டாகக் கூடச் சேர்ந்து கத்தியதில் வந்த உத்தி அது. புதுச்சேரியில் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டால் எது தட்டில் கூவுகிறது, எது வேப்பமரத்தில் என்று கொஞ்சம் தடுமாறும்.

1978இல் ஹருவோமி ஹோசோனோவின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா ‘ஃபயர்கிராக்கரை’ ரோலண்ட் எம்சி-8 என்ற சீக்வென்சரில் ஏற்றியது. சுரமும் அதன் நீளமும் எண்ணாகத் தட்டிக் கொடுக்க வேண்டிய கருவி அது. ஹவாய் பாரில் கற்பனையாகச் செய்த ‘கிழக்கு’, நிஜக் கிழக்கத்தியர் கையில் இயந்திரமாகத் திரும்பியது; அந்தக் குசும்பு புரிய இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் த்ராபிங் கிரிசில் என்ற குழு தன் 1979 ஆல்பத்தில் ஒரு டிராக்குக்கு ‘எக்ஸாட்டிகா’ என்றே பெயர் வைத்தது. அவர்களிடம் இந்த இனிமை இல்லை, மிதக்கிற உணர்வு மட்டும் இருக்கிறது.

வாங்கும்போது பியானோவைக் கவனியுங்கள். வைப்ரஃபோனில் பட்டைகளுக்குக் கீழுள்ள குழாய்களின் வாயில் தகடுகளை மோட்டார் சுழற்றுவதால் அதன் ஒலி நொடிக்குப் பலமுறை அலையும், அது குறையல்ல. நீண்டு ஒலிக்கும் பியானோ சுரமும் சேர்ந்து 1.8 நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் தட்டின் நடுத்துளை விலகியிருக்கிறது, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. ஊசிக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் ஆடினால் துளைதான். அந்தத் தட்டை விட்டுவிடுங்கள்.

கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் காகித உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். உறையைப் பாலிதீனுக்கு மாற்றுங்கள், தட்டை நிற்க வையுங்கள். பூஞ்சையைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் 3 பங்கு. லேபிளில் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும். கேன் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து கரகரக்கும். வீட்டில் பழைய 78 வேகத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையை அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.