பகாவ் ரயில் ஆவணத் தொடர்: யார் கை எங்கே தெரிகிறது

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் வழியாகப் போகும் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பற்றி ஓர் உள்ளூர்க் குழு ஆறு பகுதிகளில் எடுத்திருக்கும் தொடரைப் பார்க்க உட்காருபவர்கள், முதலில் ஆறாம் பகுதியின் கடைசி நிமிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட கடைகளின் பலகைகள் திரை நிறைய நிற்கின்றன. கோயில் மண்டபத்தைக் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பாதையைப் பராமரித்த பழைய கேங் தொழிலாளர்களின் பெயர்களோ பொடி எழுத்தில், வாசிக்க முடியாத வேகத்தில் ஓடிவிடுகின்றன. தொடர் எங்கே நன்றாக வந்திருக்கிறதோ அங்கெல்லாம் அந்தப் பொடி எழுத்துக்காரர்கள்தான் இருக்கிறார்கள். சறுக்குகிற இடங்களில் அவர்களைக் கேட்காமல் எழுதிய பின்னணிக் குரல் இருக்கிறது.

முதல் பகுதி ஊர் அறிமுகம். கெமாஸிலிருந்து பகாவ் வரை ரயில் வந்தது 1910-இல். வடகோடியில் உள்ள தும்பாட் வரை முழுப் பாதையும் இணைந்தது 1931-இல். இரண்டையும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்குள் செம்பனைக் குலை ஏற்றிப் போன சின்ன ரயிலையும் இந்தப் பாதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். இது ஒரு மீட்டர் அகலப் பாதை, தோட்டத்தின் தண்டவாளம் அதைவிடக் குறுகல். ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது.

பார்க்க வேண்டியது இரண்டாம் பகுதி. ஓய்வுபெற்ற கேங் ஆட்கள் நான்கு பேர், கழற்றிப் போட்ட ஒரு தண்டவாளத் துண்டை முன்னால் வைத்துக்கொண்டு வேலையைச் செய்தே காட்டுகிறார்கள். இரண்டு தண்டவாளங்களை மூட்டில் இணைக்கும் பிஷ்பிளேட்டுக்கு ஏன் கிரீஸ் தடவ வேண்டும் என்ற இடத்தில் கேமரா அசையாமல் நிற்கிறது. 12 மீட்டர் தண்டவாளம் விடிகாலைக் குளிரிலிருந்து மத்தியான வெயிலுக்குள் 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்குமேல் நீளும். மூட்டில் விட்ட இடைவெளிக்குள் அது வழுக்கிப் போக வேண்டும். போல்ட்டு துருப்பிடித்து இறுகிவிட்டால் வழுக்காது. நீளத்துக்குப் போக இடமில்லாத தண்டவாளம் பக்கவாட்டில் வளையும், பாதை பாம்பாகிவிடும். ஜல்லி குறைவான இடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் சிலிப்பர் கட்டையைப் பிடித்து நிறுத்துவதே ஜல்லிதான். கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கும்போது தண்டவாளம் உட்காரும் இடத்துக்குக் கீழேதான் இறுக்க வேண்டும், நடுவில் இறுக்கினால் கட்டை தராசு மாதிரி ஆடும் என்று ஒரு பெரியவர் கையை வைத்தே காட்டுகிறார். ஒரு பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

இதே பகுதியில்தான் மலாய் வசன எழுத்தின் கூத்தும் நடக்கிறது. பெரியவர் 'சிலிப்பர்' என்கிறார், கீழே 'செலிப்பார்' என்று ஓடுகிறது. மலாய்க்காரர் பார்த்தால், வருசா வருசம் ரயில் பாதைக்குச் செருப்பு மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

மூன்றாம் பகுதி டோக்கன், அதாவது அடுத்த நிலையம்வரை போக ஓட்டுநர் அனுமதியாகக் கையில் வாங்கும் அடையாளம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரண்டு ரயில் வராமலிருக்க, இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகளை மின்கம்பியால் பூட்டி வைத்திருப்பார்கள். ஒரு டோக்கன் வெளியே போய்விட்டால், அது ஏதாவது ஒரு பக்கப் பெட்டிக்குள் திரும்பும்வரை இன்னொன்று வெளிவராது. இதை வரைபடத்தோடு தெளிவாக விளக்கிவிட்டு, நடித்துக் காட்டும் காட்சியில் ஓட்டுநர் ஒரே டோக்கன் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நிலையத்தையும் தாண்டிப் போகிறார். அங்கே பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்காமல் ஒரு அடி நகரக்கூடாது. முன்னாள் நிலைய அதிபர் ஒருவரைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள், நடிப்பு எடுத்த அன்று அவரைக் கூப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

நீராவிக் காட்சிகளுக்கு ஓர் ஓசையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். திரையில் நிற்பது 56 ரக எஞ்சின், மூன்று சிலிண்டர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு முறை மூச்சு விடும். ஒட்டிய ஓசையோ இரண்டு சிலிண்டர் எஞ்சினுடையது, நாலு முறைதான். இதையெல்லாம் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று குழு நினைத்திருக்கலாம். இந்த ஊரில் எண்ணுகிற காதுகள் இருக்கின்றன.

நான்காம் பகுதி ஆட்களைப் பற்றியது. மலாயாவின் முதல் ரயில், 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்டது, இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை என்ற தொழிலாளர் அணியின் உழைப்பு என்று சரியாகத் தொடங்குகிறார்கள். அதன்பிறகு எல்லாரும் 'தமிழர்கள்'. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணியாகவும் (எழுத்தர்) நிலைய அதிபராகவும் வந்தவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்து வெயிலில் கடப்பாரை பிடித்தவர்களுக்கும் குடியிருப்பே வேறு வேறு. பேட்டியில் ஒரு பாட்டி அதைத் தொட்டுப் பேச ஆரம்பிக்கிறார், உடனே இசை எழுந்து மூடிவிடுகிறது.

ஐந்தாம் பகுதி சயாம், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில். 415 கிலோமீட்டர் பாதை, தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழர்கள், எல்லாம் உண்டு. ஆனால் உள்ளூர்த் தொடர் என்றால் முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இல்லை: அந்தப் பாதைக்காக ஜப்பானியர் இதே கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தம்பின்–மலாக்கா கிளையையும் பிடுங்கினார்கள், அது திரும்பப் போடப்படவே இல்லை. ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

படப்பிடிப்பில் ஒரு நல்ல முடிவு: தண்டவாளத்தின்மேல் ஏறாமல், ரயில் கேட்டருகே சாலையிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழ் எடுத்த பேட்டிகளில் மழை இரைச்சல் பேச்சை விழுங்குகிறது, சட்டையில் குத்தும் மைக் இருந்தால் பாதி சரியாகியிருக்கும்.

ஆறையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இரண்டையும் மூன்றையும் பார்த்தால் போதும். மறுபடி வெட்டித் தைக்கும் எண்ணம் குழுவுக்கு இருந்தால் ஒரே ஒரு இடம். இரண்டாம் பகுதி முடிவில், வளைவில் வெளித் தண்டவாளத்தை ஏன் உயர்த்துகிறோம், அகலத்தை ஏன் கொஞ்சம் கூட்டுகிறோம் என்று மண்டோர் (கேங்கின் மேற்பார்வையாளர்) பேசத் தொடங்கும்போது ட்ரோன் காட்சி வந்துவிடுகிறது. ட்ரோனை எடுத்துவிட்டு அவரைப் பேச விடுங்கள்.