வெட்டிய சதை எங்கே போயிற்று?

என் மகளுக்கு 19 வயது. போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில், பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்றாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்வரிசையில், இடப்பக்க முன்பல்லுக்கும் அதற்கடுத்த பல்லுக்கும் நடுவே ஈறிலிருந்து ஒரு முளை, பட்டாணி அளவில் எட்டிப் பார்த்தது. வலி இல்லை. "சூட்டுக்கட்டி, இளநீர் கொடு" என்றார் மாமியார். இளநீரும் உப்புநீர்க் கொப்பளிப்புமாக ஒரு மாதம் போனது. முளை அசையவில்லை.

எங்கள் வீடு தாம்பரத்தில். இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வரவேற்பில் சிரித்த முகம். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மருத்துவர் எட்டிப் பார்த்த நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. பற்களின் பின்பக்கம் காரை படிந்திருந்தது எனக்கே தெரிந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாதாரணச் சதை வளர்ச்சி. லேசரில் 15 நிமிட வேலை. ரத்தமே வராது" என்றார். 11,500 ரூபாய். கூடவே, பல்லை வெள்ளையாக்கிக்கொண்டால் தள்ளுபடி உண்டு என்று ஓர் அட்டையையும் நீட்டினார்கள்.

நான் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். கருகிய மயிரின் வாடை போல ஒரு வாடை வந்தது. இடுக்கி முனையில் சிவப்பாக ஒரு மணி. உதவியாளர் பெண் அதைப் பஞ்சுத்துணியில் துடைத்து, காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியில் போட்டார். மஞ்சள் உறைக்குள் அது விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"டெஸ்டுக்கு அனுப்ப வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். "இதையெல்லாம் பார்த்தாலே தெரியும் அம்மா, வீண் செலவு" என்றார். எனக்காகச் செலவைக் குறைக்கிறாரே என்று நன்றி வேறு சொன்னேன்.

பொங்கலுக்கு முன்பே அதே இடத்தில் மறுபடி முளைத்துவிட்டது. இந்த முறை சுண்டைக்காய் அளவு, தொட்டால் கெட்டியாக இருந்தது. பக்கத்துப் பல் லேசாக விலகியிருந்தது. அதே கிளினிக்குக்குப் போனோம். அதே மருத்துவர், முகம் மட்டும் வேறு. "திரும்ப வந்திருக்கிறது என்றால் கேன்சராகவும் இருக்கலாம். இரண்டு பல்லையும் எடுத்துவிட்டு இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைப்பதுதான் பாதுகாப்பு" என்றார். 85,000 ரூபாய், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டுமாம். ஐந்து மாதங்களுக்கு முன் பார்த்தாலே தெரிந்தது, இப்போது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்க எனக்கு அங்கே வாய் வரவில்லை. மகள் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தாள். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

என் தம்பிதான், "அக்கா, பணம் கட்டாதே, முதலில் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போ" என்றான். தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கூட்டம் இருந்தது, காத்திருந்தோம், அதை மறைப்பானேன். ஆனால் உட்கார வைத்த பிறகு அந்த மருத்துவர் அவசரப்படவில்லை. மெல்லிய கம்பி ஒன்றால் ஈறைச் சுற்றி அளந்தார். சிறிய எக்ஸ்ரே எடுத்தார். வலிப்பு மருந்து சாப்பிடுகிறாளா, கர்ப்பமா என்றெல்லாம் கேட்டார். வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற சில மருந்துகளால் ஈறு வீங்குவதுண்டு, ஆனால் அது பெரும்பாலும் பல பற்களைச் சுற்றிப் பரவலாக வரும் என்றார். கர்ப்பிணிகளுக்கு வரும் முளை பிரசவத்துக்குப் பிறகு சுருங்கவும் கூடும் என்பதால், தொல்லை தராவிட்டால் வெட்ட அவசரப்பட மாட்டார்களாம்.

பிறகு கேட்டார்: "முதலில் வெட்டியதன் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?"

இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஈறில் இப்படித் தனியாக முளைப்பவற்றில் நாலைந்து வகை உண்டாம். எளிதில் ரத்தம் கசிவது ஒன்று, வெறும் நார்த்திசு ஒன்று, ராட்சத செல்கள் நிறைந்தது ஒன்று, உள்ளே எலும்புத் துகள் உருவாகிற வகை ஒன்று. இவை எல்லாம் தீங்கற்றவைதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அபூர்வமாகப் புற்றுநோயும் இதே வேடத்தில் வரும். அதனால்தான் வெட்டியதை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். லேசரைக் குறை சொல்ல முடியாது, பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மேலாகச் சீவிவிட்டு வேரை விட்டுவைத்தால் லேசர் என்ன, கத்தி என்ன, மறுபடி வரத்தான் செய்யும் என்றார்.

முதலில் காரை முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். அந்த எரிச்சல் இருக்கும்வரை ஈறு சும்மா இருக்காதாம். இரண்டு வாரம் கழித்து, மரத்துப்போக ஊசி போட்டு முளையை அடியோடு வெட்டினார்கள். எலும்பை மூடியிருக்கும் சவ்வையும் சேர்த்து எடுத்து, பல்லின் வேரோரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மேலே இளஞ்சிவப்பில் மாவு போன்ற ஒரு பூச்சு வைத்து ஒரு வாரம் விட்டார்கள். பல் எதையும் எடுக்கவில்லை.

அந்தச் சதையை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு, மகளின் பெயர், வயது, எந்தப் பல்லருகே எடுத்தது என எழுதி ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டி, "பெயர் சரியா, பாருங்கள் அம்மா" என்றார்கள். அந்தப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் மிதித் தொட்டி ஞாபகம் வந்து உடம்பு பதறியது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. எலும்புத் துகள் உள்ள அந்த வகைதான். புற்று இல்லை. இளவயதுப் பெண்களுக்கு, அதுவும் மேல் முன்பற்கள் பக்கம் வருவது அதிகமாம். சுத்தமாக எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும் என்பதால் அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய கிளினிக்கிடம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டேன். "ஈறு சிகிச்சை – 11,500" என்ற ஒற்றை வரி ரசீதைத் தவிர ஒன்றும் இல்லை. வெட்டுவதற்கு முன் நானும் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நானும் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கு முடியாத நிலையில் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை.

எழுத்து மூலம் விளக்கம் கேட்டதற்கு, "அகற்றிய சதை மிகச் சிறியது, பரிசோதனைக்குப் போதாது" என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். கல்லூரி மருத்துவரிடம் காட்டினேன். பட்டாணி அளவு தாராளமாகப் போதும், அதைவிடச் சின்னத் துண்டிலேயே பார்ப்பார்கள் என்றார். அந்தப் பதில் கடிதத்தையும் மனுவோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.