ஸ்ட்ரோக் பிளேயா, ஸ்டேபிள்ஃபோர்டா?

வார இறுதியில் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு மதிப்பெண் முறை வெறும் கணக்கு அல்ல. அன்றைய ஆட்டத்தின் மனநிலையையே அது தீர்மானிக்கிறது. ஸ்ட்ரோக் பிளேயில் 18 குழிகளிலும் அடித்த அடிகள் அனைத்தும் கூட்டப்படுவதால், பார் 4 குழி (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது) ஒன்றில் பந்து இருமுறை தண்ணீரில் விழுந்து 10 அடிகள் ஆகிவிட்டால், மீதி ஆட்டம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்தச் சேதம் மதிப்பெண் அட்டையில் நின்றுவிடும்.

இந்த மனச்சோர்வைப் போக்கவே பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் தம் பெயரிலான புள்ளி முறையை வகுத்தார். இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் 1932இல் அதன்படி போட்டி நடந்தது. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்பத் தரப்படும் சலுகை அடிகள்) கழித்த பின் பார் எடுத்தால் 2 புள்ளிகள், ஒரு அடி கூடினால் 1, ஒரு அடி குறைந்தால் 3. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் சுழியம்தான் என்பதால், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். பின்னால் காத்திருப்பவர்களும் மகிழ்வார்கள். ஹேண்டிகேப் 18 உள்ளவருக்குக் குழிக்கு ஒரு சலுகை அடி கிடைப்பதால், ஒவ்வொரு குழியிலும் போகி (பாரைவிட ஒரு அடி கூடுதல்) அடித்தாலே 36 புள்ளிகள் பெற்றுத் தம் தரத்துக்கேற்ப ஆடியவராகிறார்.

ஆனால் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள விரும்புபவருக்கு ஸ்ட்ரோக் பிளேயே கண்டிப்பான ஆசிரியர் என்பேன். குழிக்கு மூன்றடி தூரத்தில் கிடக்கும் பந்தையும் உள்ளே தள்ளியே தீர வேண்டும். மரங்களுக்கிடையே வீரம் காட்டாமல் பக்கவாட்டில் பந்தை வெளியேற்றும் நிதானமும் அதில்தான் பழகும். புதியவர்கள் ஸ்டேபிள்ஃபோர்டில் தொடங்கி, மாதம் ஒருமுறையாவது ஸ்ட்ரோக் பிளேயில் முழு அட்டையை நிரப்பலாம்.