அபாகஸா, கோலமா, பல்லாங்குழியா?

காரைக்குடியில் முழுப்பரீட்சை லீவு விட்டதும் அண்ணி கேட்டார்: "பிள்ளையை அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடவா?" அண்ணன் மகளுக்கு ஆறு வயது. கூட்டல் நன்றாக வருகிறது. கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் மட்டும் நம் முகத்தைப் பார்க்கிறாள். அதற்கு எது உதவும் என்றுதான் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞர் 1945இல் ஒரு கணக்கை அணுக நான்கு படிகளைச் சொன்னார். கேள்வியைப் புரிந்துகொள்வது, வழி யோசிப்பது, செய்து பார்ப்பது, முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பது. நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்.

அபாகஸ் என்பது கம்பிகளில் மணி கோத்த சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குக் கட்டைக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி. மேல் மணிக்கு மதிப்பு ஐந்து. 3 இருக்கும்போது 4 சேர்க்கக் கீழே மணி போதாது, அதனால் ஐந்தைச் சேர்த்து ஒன்றைத் தள்ள வேண்டும். எண்ணைப் பிரித்துச் சேர்க்கும் பழக்கம் விரலிலேயே படிந்துவிடும், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நான் போய்ப் பார்த்த வகுப்பில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. வழியை ஆசிரியர் சொல்லிவிடுகிறார், பிள்ளை வேகமாகச் செய்கிறது. மூன்றாவது படி மட்டும் பலமாகிறது. திரும்பிப் பார்க்க நேரமே இல்லை.

கோலம் இதைவிட மேல். ஊடுபுள்ளி 5 வைத்து 3 வரை என்றால் நடுவில் 5, மேலும் கீழும் 4, 3 என்று மொத்தம் 19 புள்ளி. சிக்குக் கோலத்தில் ஓர் இடத்தில் இழை தவறினாலும் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கோலமே சொல்லிவிடும். ஆறு வயது விரலுக்கு மாவு பிடிபடவில்லை என்றால் சாக்பீஸ் போதும்.

சரி, பல்லாங்குழிக்கு வருவோம். புளியில் கொட்டை எடுக்கும் காலம் இது. அப்பத்தா ஒரு கிண்ணம் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அது வெறுங்குழியாக இருந்தால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அத்தோடு ஆட்டம் கைமாறும்.

முதல் ஆட்டத்தில் அவளுக்கு 7 கொட்டை. "வேற குழியில ஆரம்பிச்சா நிறைய வருமா, அத்தை?" என்றாள். தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மூன்றாவது குழியில் தொடங்கினாள். ஏழு. மூலைக்குழியில் தொடங்கினாள். மறுபடி ஏழு. கையைக் குழிக்கு மேலே நிறுத்தி, உதடு மட்டும் அசைய எண்ணினாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாக் குழியும் ஒண்ணுபோலத்தானே இருக்கு, சுத்திச் சுத்தித்தானே போறோம்!" என்றாள். நாலு படியும் அந்த அரைமணி நேரத்திலேயே நடந்துவிட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவளே கேட்டாள், குழிக்கு ஆறு போட்டால் என்ன ஆகும் என்று. போட்டுப் பார்த்தோம். அப்போதும் ஏழுதான்! ஆனால் ஐந்து போட்டபோது ஐந்து தடவை அள்ள வேண்டியிருந்தது, இப்போது இரண்டே தடவை. அது ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பல்லாங்குழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்தில் உட்காரும் பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது. "இந்தக் குழியை எடு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதுவும் அபாகஸ் வகுப்பு மாதிரிதான் ஆகும். பொறுமை இல்லாத வீட்டுக்குக் கோலமே மேல்.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அபாகஸை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று. மரப்பலகை தேடி அலைய வேண்டாம், தரையில் வரிசைக்கு ஏழு வட்டமாக இரண்டு வரிசை போட்டால் போதும். கொட்டை மட்டும் 84 எண்ணி வைக்கச் சொன்னேன், அடுத்த ஞாயிறு ஆறு ஆறாகப் போட்டு மறுபடி பார்க்க வேண்டுமாம் அவளுக்கு.