காதர்பேட்டையில் வாங்கிய தெர்மல் செட், பனியாற்றில் ஐந்து வாரம்

போன ஏப்ரலில் வேலையாக நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டு போக வேண்டி வந்தது. அங்கே நியூ ஓலெசுண்டில் 2008-லிருந்து இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது, வட துருவம் அங்கிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்தான். வெளிக்கோட்டும் பூட்ஸும் கொடுத்துவிட்டார்கள், உள்ளே போடுவது நம்ம பாடு. திருப்பூர்க்காரன் தெர்மலை, அதாவது குளிருக்கு உள்ளே போடும் துணியை, ஆன்லைனில் வாங்கினால் அசிங்கம் என்று எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போனேன்.

“ஏனுங் தம்பி, ஊட்டிக்குங்களா?” என்றார் கடைக்காரர்.

“இல்லீங்ணா, இன்னுங் கொஞ்சம் வடக்கால.”

உடம்புக்குக் காட்டன்தானுங் நல்லது என்று கனமான இன்டர்லாக் பின்னல் செட் ஒன்றை எடுத்துப் போட்டார். நான் கேட்டு வாங்கியது உள்பக்கம் ப்ரஷ் பண்ணிய பாலியெஸ்டர், செட் 650 ரூபாய், மூன்று செட். அவர் மனசு நோகக் கூடாதே என்று காட்டனும் ஒன்று.

அந்தக் காட்டனை ஒரே ஒரு நாள்தான் போட்டேன், பனிக்குழி தோண்டிய அன்றைக்கு. பனியாற்றில் குளிர்காலம் முழுக்க விழுந்த பனியைத் தோண்டி, போன கோடையின் கெட்டிப் பனிக்கட்டி மண்வெட்டியில் தட்டுப்படும் வரை இறங்கி, அடுக்கடுக்காக எடை போட்டு அடர்த்தி பார்க்க வேண்டும். தென்னங்கன்றுக்குக் குழி வெட்டுகிற வேலைதான், ஆழம் மட்டும் ஒன்றரை மீட்டர். மைனஸ் 15-லும் முதுகில் வேர்வை ஓடுகிறது. தோண்டுகிற வரை ஒன்றும் தெரியவில்லை, நோட்டில் எண்களை எழுத நின்றேன் பாருங்கள், வேர்வையைக் குடித்திருந்த காட்டன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பத்தே நிமிடத்தில் பல் கிடுகிடுத்துவிட்டது, அன்றைக்கு நான் எழுதிய 7 எல்லாம் 1 மாதிரி இருக்கிறது. பாலியெஸ்டர் நூல் வேர்வையைக் குடிப்பதில்லை. ஈரமானாலும் சீக்கிரம் காய்கிறது.

நான்கு இரவு பனியாற்றின் மேலேயே கூடாரம். கரடி தட்டினால் வெடிக்கிற மாதிரி சுற்றிலும் கம்பி, துப்பாக்கியோடு முறை வைத்துக் காவல், ராத்திரி ஒரு மணிக்கும் வெயில். ஈர சாக்ஸ், ஜிபிஎஸ் பேட்டரி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் அணைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும், இல்லையென்றால் காலையில் எல்லாம் கல். செட்டைக் கழற்றாமலே படுத்தேன், உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிட்டது. ஆனால் குடிக்கிற தண்ணீரே ஸ்டவ்வில் பனியை உருக்கி எடுப்பது என்னும்போது துவைப்பது எங்கே? மூன்றாம் நாளே வாடை தாங்கவில்லை. பக்கத்தில் படுத்தவர் மெரினோ கம்பளி போட்டிருந்தார், அதில் இந்த அளவுக்கு நாறாது, விலைதான் பத்து மடங்கு.

நிஜமான குறை தையல். வெளியே எக்ஸ்போர்ட் தரம் என்று எழுதிவிட்டு தோளில் உள்பக்கம் மேடாக நிற்கிற ஓவர்லாக் தையல் அடித்திருக்கிறார்கள். பை வார் அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்து, இரண்டாம் வாரம் வலது தோளில் தோல் உரிந்து பிளாஸ்திரி போட வேண்டியதாயிற்று. இதற்குத் தட்டையாகப் படிகிற ஃப்ளாட்லாக் தையல்தான் அடிக்க வேண்டும், திருப்பூரில் அந்த மிஷினுக்கா பஞ்சம்? வாங்குகிறவர்கள் உள்பக்கம் திருப்பித் தோள் தையலை விரலால் தடவிப் பாருங்கள். பேன்ட் எலாஸ்டிக்கும் மூன்றாம் வாரம் தொளதொளத்து, ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

திரும்பி வந்ததும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் தையலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, “ஏனுங், இது உள்ள போடற துணிங், மூட்டை தூக்கறதுக்குங்களா?” என்றார். எலாஸ்டிக்கை மட்டும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.